அறக்கொட்டியும் அழுக்கணவனும்

(மன்னார் மாவட்டத்து நெற்செய்கையாளருக்கும் மரக்கறித் தோட்டக்காரருக்கும் ஆற்றப்பட்ட உரை)



வாடைக்காற்று எழும் பருவத்தில் வங்காலைக் கரையோரச் சேற்றுவெளிகளைக் கடந்து செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் வடநாடுகளின் கடுங்குளிருக்குத் தப்பி ஆயிரமாயிரமாய் வந்து இறங்கும். பூநாரைகள் ஆழமற்ற நீரில் வரிசையாய் நின்று இரை தேடும். அவ்விடம் 2008 ஆம் ஆண்டில் சரணாலயமாகவும், 2010 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வாழுமிடம் ஒவ்வாதபோது பறந்து செல்லுதலும், ஒத்த இடத்தில் வந்து தங்குதலும் பறவையின் தற்காப்பு முறையாகும். அதற்கென அது தன் வாழ்நாள் முழுவதும் சிறகைச் சுமக்கின்றது.

சிறகைச் சுமப்பதற்கும் ஒரு செலவு உண்டு. சிறகுக்கும் அதனை இயக்கும் தசைக்கும் செலவாகும் உணவு, முட்டைக்கும் குஞ்சுக்கும் கிடையாது போகின்றது. இந்தக் கணக்கை மிக நுணுக்கமாக அறிந்தவைபோல நடந்துகொள்ளும் இரு சிற்றுயிர்கள் நம் நிலங்களில் உள்ளன. சிறகு தேவைப்படும் தலைமுறைக்கு மட்டும் அவை சிறகு தருகின்றன. தேவையில்லாத தலைமுறைக்கு அதனை மறுத்துவிடுகின்றன. கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள நெல்வயல்களில் வாழும் அறக்கொட்டி ஒன்று. தோட்டவெளியிலும் பேசாலையிலும் கிணற்றுநீர் இறைத்துச் செய்யும் மிளகாய், கத்தரி, பூசணித் தோட்டங்களில் வாழும் அழுக்கணவன் மற்றொன்று. இவ்விரண்டின் வாழ்க்கை முறையையும் ஒப்பிட்டுக் காட்டுவதே இன்றைய உரையின் நோக்கம்.

பூச்சியின் கதை கேட்பதால் நமக்கு ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கடன்பட்டு, நகையை அடகு வைத்து வேளாண்மை செய்பவர்கள் நம்மிடையே பலர். கதிர் முற்றும் வேளையில் வயலின் நடுவே வட்டவட்டமாகப் பயிர் எரிந்து கிடப்பதைக் கண்டு, மருந்துக்கென மேலும் கடன் வாங்கித் தெளித்தும் பயன் பெறாதவர்கள் உண்டு. அவ்விழப்பில் ஒரு பகுதி பூச்சியால் வருவது. மற்றொரு பகுதி பூச்சியின் இயல்பை அறியாது நாம் செய்யும் செயலால் வருவது. பின்னதைத் தவிர்ப்பது நம் கையில் உள்ளது.

அறக்கொட்டியின் வாழ்க்கை

திணைக்களத்தார் கபிலநிறத் தத்தி என்று வழங்கும் பூச்சியையே நீங்கள் அறக்கொட்டி என்கின்றீர்கள். அரை நெல்மணி அளவே உள்ள இப்பூச்சிக்கு 1854 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ஸ்தோல் என்பவர் ‘லூகன்ஸ்’ என்னும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். துக்கம் காப்பது என்பது அச்சொல்லின் பொருள். கருங்கபில நிறத்தைக் கண்டு அவர் அப்பெயரை இட்டிருத்தல் கூடும். எரிந்த வயலைக் கண்ட கமக்காரருக்கோ அது வேறு பொருளிலும் பொருந்தும்.

அறக்கொட்டி பயிரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் தங்குகின்றது. ஆதலால் வரம்பில் நின்று பயிரின் தலையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தென்படுவதில்லை. பெண்பூச்சி இலைமடலைக் கீறி அதன் உட்புறத்தே முட்டையைச் செருகிவிடும். ஒரு பெண் 200 முதல் 300 வரை முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை பொரிக்கும். அணங்கு எனப்படும் குஞ்சு இரு வாரங்களுக்குள் ஐந்து முறை தோலுரித்து முதிர்ந்த பூச்சியாகும். மூன்றரை மாத நெல்லில் மூன்று தலைமுறை தோன்றிவிடும் எனலாம்.

முதிர்ந்த பூச்சியில் இரு வடிவங்கள் உண்டு. ஒன்றுக்குச் சிறகு உடலைக் கடந்து நீண்டிருக்கும். மற்றொன்றுக்குச் சிறகு வயிற்றின் பாதியளவில் நின்றுவிடும். நெடுஞ்சிறகுத் தத்தி பறக்கும். குறுஞ்சிறகுத் தத்தி பறவாது. ஆயினும் முட்டையிடத் தொடங்குவதில் அது முந்தும், இடும் முட்டையின் தொகையிலும் மிகும். முதலில் வயலுக்கு வந்து இறங்குவது நெடுஞ்சிறகு உடையது. பயிர் இளமையாகவும் செழிப்பாகவும் இருந்தால் அதன் மக்களுள் பல குறுஞ்சிறகோடு வளர்ந்து, அவ்விடத்திலேயே தங்கிப் பெருகும். பயிர் முதிர்ந்து, பூச்சிகளின் நெருக்கமும் மிகும்போது அடுத்த தலைமுறையின் அணங்குகள் நெடுஞ்சிறகு பெற்று வேறு வயலை நாடிப் பறந்துவிடும்.

இத்தீர்மானம் அணங்குப் பருவத்தில் அதன் உடலுள் நிகழ்கின்றது. மனித உடலில் சருக்கரையை ஆளும் இன்சுலின் என்னும் சுரப்பை நீரிழிவு நோயாளர் அறிவர். அதனை ஒத்த சுரப்பு பூச்சிகளுக்கும் உண்டு. அச்சுரப்பை ஏற்கும் இருவகை வாங்கிகள் ஒன்றுக்கொன்று எதிராகச் செயற்பட்டு, சிறகு நீளுமா குறுகுமா என்பதை முடிவு செய்கின்றன எனச் சீனாவின் சேஜியாங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2015 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். முதிரும் நெற்பயிரில் குளுக்கோசு மிகுவதும், அதை உண்ணும் அணங்குகளில் நெடுஞ்சிறகு உடையவை கூடுவதும் 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றால் விளங்கின. பயிரின் முதுமையை அதன் சாற்றின் சுவையிலேயே பூச்சி அறிந்துகொள்கின்றது என்று நாம் இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இதன் பறக்கும் ஆற்றலைக் குறைவாக மதிப்பிடலாகாது. தானாக விரைந்து செல்லும் வலிமை இதற்கில்லை. மாலை மங்கும் வேளையில் மேலெழுந்து காற்றின் போக்கில் மிதந்து செல்லும். யப்பான் நாட்டின் குளிர்காலத்தில் இது உயிர் வாழ முடியாது. ஆயினும் ஒவ்வோராண்டும் கோடையில் சீனாவிலிருந்து கடல் கடந்து அந்நாட்டு வயல்களில் இறங்குகின்றது. 1967 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் கரையிலிருந்து பல நூறு கிலோமீற்றர் தொலைவில் பசிபிக் பெருங்கடலில் நின்ற யப்பானிய வானிலைக் கப்பலொன்றின் மீது தத்திகள் கூட்டங்கூட்டமாக வந்து விழுந்ததைக் கண்ட பின்னரே இவ்வுண்மை ஐயமற விளங்கியது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் அதனோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது. அவ்வாறிருக்க, முருங்கன் வயலுக்கும் நானாட்டான் வயலுக்கும் இடையேயுள்ள வரம்பும் வாய்க்காலும் இதற்கு ஒரு தடையாகுமா என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

அழுக்கணவனின் வாழ்க்கை

இனி, தோட்டத்துக்கு வருவோம். மிளகாய்க் கன்றின் குருத்தை வளைத்து இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், பச்சை, மஞ்சள், கருமை கலந்த சிறு பேன்கள் போன்றவை அசையாது ஒட்டியிருக்கக் காணலாம். அவையே அழுக்கணவன். இவற்றுள் பல இனங்கள் உண்டு. மிளகாய், கத்தரி, வெண்டி, பூசணி, வெள்ளரி ஆகிய அனைத்தையும் தாக்கும் இனத்துக்குப் பருத்தி அழுக்கணவன் என்று பெயர். பருத்தியில் முதலில் கண்டதனால் அப்பெயர் அமைந்ததேயன்றி, அது விரும்பி உண்ணும் பயிர்களின் பட்டியல் மிக நீண்டது.

இதன் தற்காப்பு முறை அறக்கொட்டியினுடையதைக் காட்டிலும் வியப்புக்குரியது. நம்முடைய வெப்ப நாடுகளில் இவ்வினத்தில் ஆணைக் காண்பதரிது; முட்டையும் இல்லை. பெண்பூச்சி ஆணின் சேர்க்கையின்றியே பெண் குஞ்சுகளை உயிரோடு ஈனுகின்றது. இதனை ஐயந்திரிபற நிறுவியவர் செனீவா நகரத்துச் சாள்சு பொனே என்னும் இளைஞர். 1740 ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது இருபதாவது வயதில், அவர் அப்போதுதான் பிறந்த ஓர் அழுக்கணவனைத் தனியே ஒரு தளிரில் விட்டு மூடிவைத்து, நாள்தோறும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கவனித்து வந்தார். வேறெந்தப் பூச்சியும் அதனை அணுகவில்லை. சூன் மாதத்தில் அது ஈன்ற குஞ்சுகள் 95.

மற்றுமொரு புதுமை உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும் குஞ்சின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறைக்கான கரு வளரத் தொடங்கிவிடுகின்றது. தாய், மகள், பேத்தி என்னும் மூவரும் ஓர் உடலில் இருக்கின்றனர் என்றால் மிகையன்று. இதனாலேயே பிறந்த குஞ்சு ஏறத்தாழ ஒரு வாரத்தில் தாயாகிவிடுகின்றது. ஒரு பூச்சி 60 குஞ்சுகளை ஈனுவதாகவும், எவையும் அழியாதனவாகவும் கொண்டால், பேத்திகளின் தொகை 3,600. அவற்றின் மக்கள் 2,16,000.

இவ்வாறு பெருகும் தலைமுறைகளுக்குச் சிறகு இல்லை. குருத்தில் இடம் போதாது ஒன்றோடொன்று உராயும் நெருக்கம் வந்துவிட்டால், அல்லது செடியின் சாறு வற்றத் தொடங்கினால், சிறகுடைய குஞ்சுகள் தோன்றுகின்றன. பல அழுக்கணவன் இனங்களில் இது தாயின் வயிற்றிலேயே முடிவாகின்றது: நெருக்கத்தை உணர்வது தாய், சிறகைப் பெறுவது மகள். பட்டாணிச் செடியில் வாழும் அழுக்கணவனை ஆராய்ந்தோர் மற்றொன்றையும் கண்டனர். பொறிவண்டால் தாக்கப்படும் பூச்சி தன் முதுகிலுள்ள இரு சிறு குழல்கள் வழியாக ஒரு மணப்பொருளை வெளியிட்டு ஏனையவற்றை எச்சரிக்கின்றது. அம்மணத்தை உணர்ந்த தாய்மார் ஈனும் மக்களில் சிறகுடையவை கூடுகின்றன.

ஒப்புமையும் வேறுபாடும்

இவ்விரு பூச்சிகளும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் வாய் ஊசிபோல் அமைந்துள்ளது. இலையில் ஆக்கப்பட்ட உணவு செடியின் ஏனைய பகுதிகளுக்குச் செல்லும் நுண்குழாயில் ஊசியை நுழைத்து இரண்டும் சாற்றைக் குடிக்கின்றன. அச்சாற்றில் சருக்கரை மிகுதி. உடலை வளர்க்கும் நைதரசன் சத்து குறைவு. ஆகவே, தேவையான சிறிதளவு நைதரசனுக்காகப் பெருமளவு சாற்றைக் குடித்து, மிஞ்சிய சருக்கரை நீரைத் தேன்கசிவாக வெளியே தள்ளுகின்றன. அக்கசிவின் மீது கரும்பூஞ்சணம் படர்வதனாலேயே இலைகள் கரி பூசியவைபோல் தோன்றுகின்றன. சாற்றில் இல்லாத சத்துகளை ஆக்கிக்கொடுக்க இரண்டும் தம் உடலுள் நுண்ணுயிர்களை வளர்க்கின்றன. அழுக்கணவனுள் பற்றீரியாவும், அறக்கொட்டியுள் மதுவத்தை ஒத்த பூஞ்சணமும் வாழ்ந்து, தாயிடமிருந்து சேய்க்குச் செல்கின்றன.

வேறுபாடுகளும் உள. அறக்கொட்டியில் ஆணும் பெண்ணும் சேர வேண்டும். அவை வயிற்றை அதிரச் செய்து நெற்றண்டின் வழியாகவே ஒன்றையொன்று அழைக்கின்றன. அழுக்கணவனுக்கு அந்நாள் கழிவும் இல்லை. அறக்கொட்டி தன் முட்டையை இலைமடலுள் ஒளித்துக் காக்கின்றது. அழுக்கணவன் முட்டைப் பருவத்தையே ஒழித்துவிட்டது. அறக்கொட்டி நெல்லையே நம்பி வாழ்கின்றது. பருத்தி அழுக்கணவன் ஒரு பயிர் இல்லையேல் மற்றொரு பயிருக்கு மாறும். அறக்கொட்டியின் தீமை பெரும்பாலும் அதன் தொகையால் வருவது. தோட்டத்திலோ, நச்சுநோய் வைரசைக் கொணரும் ஒரு சில சிறகுடைய அழுக்கணவன்களே போதுமானவை. நோயுற்ற செடியில் ஒரு கணம் ஊசியைப் பதித்தது, அடுத்த செடியைச் சுவை பார்த்த சில நொடிகளில் நோயை அதற்குக் கொடுத்துவிடும். அறக்கொட்டியும் நெல்லைக் குட்டையாக்கும் வைரசு நோய்களைப் பரப்பும். எனினும் அதற்கு அது நெடுநேரம் உண்ண வேண்டும்.

மருந்தினால் விளையும் கேடு

இவ்வளவு விரைவாகப் பெருகும் பூச்சிகள் ஏன் நம் நிலம் முழுவதையும் மூடிவிடவில்லை? அறக்கொட்டியின் 200 முட்டைகளில் ஒரு சோடி மட்டும் பிழைத்தால் அதன் தொகை கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. எஞ்சிய 198ஐயும் உண்பவர் யார்? பயிரின் அடியில் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி தத்தியைப் பிடித்து உண்ணுகின்றது. பச்சை நிறமுள்ள சிறிய மூட்டுப்பூச்சி ஒன்று இலைமடலுள் ஊசியைச் செலுத்தி முட்டையின் சாற்றைக் குடிக்கின்றது. நுண்ணிய குளவிகள் முட்டையினுள் தம் முட்டையை இடுகின்றன. இவர்களே கூலி கேளாத காவற்காரர்.

இப்போது ஒரு கமக்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். விதைத்து முப்பதாம் நாள் இலையில் சில புழுக்களைக் கண்டு அஞ்சி, கடையில் கிடைத்த மருந்தை வயல் முழுவதும் தெளிக்கின்றார். சிலந்தியும் முட்டையுண்ணும் பூச்சியும் மடிகின்றன. தத்தியின் முட்டைகளோ இலைமடலுள் பாதுகாப்பாக இருக்கின்றன. ஒரு வாரத்தில் அவை பொரிக்கும்போது வயலில் காவல் இல்லை. 200இல் 2 பிழைத்த இடத்தில் 20 பிழைத்தால், ஒரு தலைமுறையில் பத்து மடங்கு. இரண்டில் நூறு மடங்கு. மூன்றாம் தலைமுறையில் ஆயிரம் மடங்கு. சரியாகக் கதிர் முற்றும் நேரத்தில் வயல் எரிகின்றது. மருந்து தெளித்திராவிட்டால் இன்னும் எவ்வளவு எரிந்திருக்குமோ என்று அவர் எண்ணுகின்றார். உண்மையில் எரிவுக்கு வித்திட்டது அம்முதல் தெளிப்பே. சில மருந்துகள் குறைந்த அளவில் பட்டால் பெண்தத்தி முன்னிலும் மிகுதியாக முட்டையிடுவதையும் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுள்ளனர்.

இந்தோனேசியா இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1970களிலும் 1980களிலும் அரசே மருந்துக்கு மானியம் வழங்கியும் அறக்கொட்டி அடங்கவில்லை, மேலும் பெருகியது. 1986 ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்து, 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தார். கமக்காரருக்கு வயற்பள்ளிகள் அமைத்து, நல்ல பூச்சியையும் தீய பூச்சியையும் பிரித்தறியும் பயிற்சி அளிக்கப்பட்டது. மருந்துச் செலவு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

எதிர்ப்புச் சக்தி உடைய நெல்லினத்தை விதைத்தால் கவலையற்று இருக்கலாமா என்றும் கேட்கலாம். 1973 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26 என்னும் இனம் அறக்கொட்டியைத் தாங்கி நின்றது. சில ஆண்டுகளுக்குள் அதனையும் உண்ணவல்ல தத்திகள் பெருகின. புதிய எதிர்ப்புப் பண்பைத் தேடியவர்களுக்கு நம் நாட்டின் பழைய நெல்லாகிய ரத்து ஹீனட்டி கைகொடுத்தது. அதிலிருந்த பண்பு 1977 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டு, பிற நாட்டு இனங்களிலும் சேர்க்கப்பட்டது. நம் பாட்டன்மார் காத்து வைத்த விதை உலகுக்கே உதவியது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் தத்தியைத் தாங்கும் இனங்களை ஆக்கியுள்ளனர். அவை நல்ல துணை. ஆனால் அத்துணையை மட்டும் நம்பி ஏனைய காவலைக் கைவிடலாகாது.

நெல்வயலில் செய்யத்தக்கவை

முதலாவது, ஒரே காலத்தில் விதைத்தல். தேக்கம் அணைக்கட்டிலிருந்து அருவி ஆற்று நீர் கட்டுக்கரைக் குளத்துக்கு வந்து, வாய்க்கால்கள் வழியே பல வயல்களுக்குப் பாய்கின்றது. மேல்வாய்க்கால் வயல் முதிரும்போது கடைவாய்க்கால் வயல் இளமையாக இருந்தால், முதிர்ந்த வயலில் சிறகு பெற்ற தத்திக்கு இளவயல் காத்திருக்கின்றது. காலபோகக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும் விதைப்பு நாளை நீர்ப் பங்கீட்டுக்கு மட்டும் உரியதாக எண்ணாதீர்கள். பூச்சிக் காவலும் அதில் அடங்கியுள்ளது. ஒருவர் பிந்தி விதைத்தால் அதன் துன்பம் அவரோடு நிற்பதில்லை. கடைவாய்க்காலில் உள்ளவர் பிந்துவது பெரும்பாலும் நீர் பிந்துவதால் ஆகும். ஆகவே மேல்வாய்க்காலில் உள்ளவர் நீரை அளவோடு எடுத்துக் கீழே விடுவது, தம் அயலவர்க்குச் செய்யும் உதவியோடு தம் அடுத்த போகத்துக்கும் செய்யும் உதவியாகும்.

இரண்டாவது, யூரியாவை அளவோடு இடுதல். சாற்றில் நைதரசன் குறைவாயிருப்பதே தத்திக்குத் தடை என்று முன்னர்க் கூறினேன். பயிர் கரும்பச்சையாகத் தோன்ற வேண்டும் என்று மிகுதியாக யூரியா இடுபவர் அத்தடையைத் தம் கையாலேயே நீக்கிவிடுகின்றார். பரிந்துரைக்கப்பட்ட அளவைப் பகுதி பகுதியாகப் பிரித்து இடுக.

மூன்றாவது, நெருக்கமாக விதையாமை. அடர்ந்த பயிரின் அடியில் காற்றும் வெயிலும் புகா. அந்நிழலும் ஈரமும் தத்திக்கு உகந்தவை. நாற்று நடுவோர் இரண்டு மூன்று மீற்றருக்கு ஒருமுறை ஓரடி இடைவெளி விட்டு நடுக. அவ்வழியே நடந்து அடிப்பயிரைப் பார்வையிடவும் இயலும்.

நான்காவது, வாரம் ஒருமுறை பயிரின் அடியைப் பார்த்தல். வயலின் பல இடங்களில் பயிரைச் சாய்த்து, மெல்லத் தட்டி, நீரில் விழும் பூச்சிகளை எண்ணுக. சிலந்தியையும் எண்ணுக. சிலந்தி இல்லாத இடத்தில் மட்டத்துக்கு ஒரு தத்தியும், குத்துக்கு ஒரு சிலந்தி உள்ள இடத்தில் மட்டத்துக்கு இரண்டு தத்தியும் எச்சரிக்கை அளவாகும் எனத் தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்துள்ளனர். அவ்வளவுக்குக் கீழே மருந்து தேவையில்லை. விதைத்த முதல் நாற்பது நாளில், இலையில் காணும் சில புழுக்களுக்காக மருந்து தெளிப்பதை அறவே விட்டுவிடுக. அப்பருவத்தில் இழந்த இலையைப் பயிர் தானே ஈடுசெய்துகொள்ளும்.

ஐந்தாவது, தொகை ஏறுவதைக் கண்டால் நீரை வடியவிட்டு, மூன்று நான்கு நாள் வயலின் அடியை உலரவிடுக. அடுத்த நீர்முறை எப்போது என்பதை அறிந்தே இதனைச் செய்க. அதன் பின்னும் எச்சரிக்கை அளவைக் கடந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பூச்சியைக் காட்டி, அவர் கூறும் மருந்தை, கூறும் அளவில், பயிரின் தலையில் அன்றி அடியில் படுமாறு தெளிக்க வேண்டும். 1732 ஆம் ஆண்டில் தத்தியால் பெரும்பஞ்சத்துக்கு உள்ளான யப்பானியர், வயல்நீரில் திமிங்கில எண்ணெயை விட்டு, பயிரைத் தட்டித் தத்தியை அதில் வீழ்த்தி அழித்தனர். பூச்சி இருப்பது அடியில் என்பதை அக்காலத்தவரே நன்கு அறிந்திருந்தனர்.

தோட்டத்தில் செய்யத்தக்கவை

அழுக்கணவன் பரப்பும் வைரசை மருந்தால் தடுக்க முடியாது. மருந்து பூச்சியைக் கொல்லும் முன்னரே அது ஊசியைப் பதித்து நோயைக் கொடுத்துவிடும். ஆகவே சிறகுடையது வந்து இறங்காமல் செய்வதே வழி. நாற்றுமேடையை நுண்வலையால் மூடுக. தோட்டத்தைச் சுற்றிச் சோளத்தை இரண்டு மூன்று வரிசை முன்கூட்டியே நடுக. காற்றில் வரும் பூச்சி முதலில் அதில் இறங்கிச் சுவை பார்க்கும். அதன் வாயிலுள்ள வைரசும் அங்கேயே கழிந்துபோகும். நிலத்தின் மீது வைக்கோல் பரப்பினால் பூச்சி இறங்குவது குறைவதோடு, நம் தீவின் மணலில் ஈரமும் நிலைக்கும். இலை சுருண்டு நிறம் மாறிய கன்றைக் கண்டதும் பிடுங்கி அழிக்க வேண்டும். நாளை காய்க்கும் என்று விட்டுவைத்தால் அது ஏனைய கன்றுகளுக்கு நோய்க்களஞ்சியமாகும்.

மழை பெய்தால் அழுக்கணவன் கழுவப்பட்டுக் குறையும். மன்னாரின் நீண்ட வறண்ட மாதங்கள் அதற்கு வாய்ப்பானவை. அக்காலத்தில் சில கன்றுகளில் மட்டும் கூட்டம் தோன்றினால், இலையின் அடிப்புறத்தில் படுமாறு நீரை விசையோடு அடித்துக் கழுவுக. நுனியைக் கிள்ளியும் அழிக்கலாம். கூட்டம் பரவினால், இடித்த வேப்பம்பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும்.

தெளிக்கும் முன் கூட்டத்தை உற்று நோக்குக. வண்டியிழுக்கும் சிவப்பு எறும்புபோல் வரிசையாக எறும்புகள் ஏறி இறங்கினால், அவை தேன்கசிவுக்காக அழுக்கணவனைக் காவல் காக்கின்றன. எறும்பின் வழியை மறித்தால் பகைப்பூச்சிகள் நெருங்கும். செந்நிற முதுகில் கரும்புள்ளியுள்ள பொறிவண்டும், முதலைபோன்ற வடிவுடைய அதன் குடம்பியும் இருந்தால் அவற்றைக் காப்பாற்றுக. கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளிவண்டு வேறு. அது இலையில் சல்லடைபோல் வடுவை ஏற்படுத்தும். அழுக்கணவன்களுள் சில பொன்னிறமாக உப்பி அசைவற்றிருந்தால் அவற்றினுள் குளவிக் குஞ்சுகள் வளர்கின்றன என்று அறிக. அத்தகையவை பல தென்பட்டால் மருந்துக் குப்பியை மூடிவைத்து ஒரு வாரம் பொறுத்திருங்கள்.

முடிவுரை

கமக்காரப் பெருமக்களே, நாம் கண்ட இரு பூச்சிகளுக்கும் நம்மீது பகைமை இல்லை. உணவு நிறைந்த இடத்தில் தங்கிப் பெருகுதலும், உணவு முடியுமுன் சிறகு பெற்று அகலுதலுமே அவற்றின் வாழ்க்கை நெறி. உரத்தைக் கூட்டி உணவை நிறைப்பதும், காலந்தவறி விதைத்துப் புதிய இடம் அமைப்பதும், காவற்பூச்சிகளைக் கொன்று பகையில்லாமல் செய்வதும் நம் செயல்கள். அவற்றை நாம் மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இன்று வீடு திரும்பியதும் ஒன்றைச் செய்யுங்கள். நாளைக் காலை வயலுக்குச் செல்லும்போது பிள்ளைகளில் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். இளங்கண்கள் கூர்மையானவை. பயிரின் அடியைச் சாய்த்து, குறுஞ்சிறகுத் தத்தி எத்தனை, நெடுஞ்சிறகுத் தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று இருவருமாக எண்ணி ஒரு தாளில் குறியுங்கள். குறுஞ்சிறகு உடையவை மிகுந்திருந்தால் பூச்சி உங்கள் வயலில் குடியமர்ந்துவிட்டது என்பதும், நெடுஞ்சிறகு உடையவை மிகுந்திருந்தால் அது புதிதாய் வந்து இறங்கியுள்ளது அல்லது புறப்பட ஆயத்தமாகின்றது என்பதும் பயிரின் வயதைக் கொண்டு உங்களுக்கே விளங்கும். அந்தத் தாளோடு கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள். மருந்துப் பெயரைக் கேட்டு வருவதைக் காட்டிலும் எண்ணிக்கையைக் கொண்டு வருவோருக்கே நல்ல ஆலோசனை கூற இயலும்.

உங்கள் வயலும் தோட்டமும் செழிப்பதாக.